காலடியிலிருந்து பார்க்கும் படம்

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க அக்கா கையை உயர்த்தினாள். தம்பி அந்தக் கையை முறுக்கி, அவளை ஸ்கேன் அறைக் கதவில் மோதினான். உதடு கிழிந்து, அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது.

"அப்பாவ அறுத்துக் கொன்னுட்டியேடி! ஒண்ணுமே இல்லையாமே! வெறும் வீக்கமாமே!"

அப்பா போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அறுவை சிகிச்சையில் தைத்த இடம் விட்டுப்போய், வயிற்றுக்குள் ரத்தம் பீறிட்டு, கட்டிலை உதைத்து உதைத்து அடங்கினார். அந்தச் சூடு ஆறுவதற்குள் திசுப் பரிசோதனை முடிவு வந்தது. கணையத்தில் புற்று இல்லை, அழற்சிதான்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் புற்று என்று சொன்னவள் அக்கா. இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் வேலை. மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தம்பி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "வெல்டிங் பட்டறையில உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதடா" என்று அவன் வாயை அடைத்தவளும் அவள்தான்.

காவலாளிகள் இருவர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உதைத்த நாற்காலி கண்ணாடித் தடுப்பில் விழுந்து நொறுங்கியது. அக்கா திசு ஆய்வறைக்கு ஓடி உள்ளே தாழ் போட்டாள். தான் கொன்றோமா இல்லையா என்று தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

திசு மருத்துவரை எல்லோரும் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அக்காவின் உதட்டைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அறுவையில் வெட்டியெடுத்த அப்பாவின் கணையம் அதில் வில்லை வில்லையாகக் கிடந்தது. ஸ்கேன் படம் எப்படி உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறதோ அப்படியே சீவி, படத்தோடு ஒப்பிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் திசு எடுப்பது இங்கே வழக்கம்.

"எங்கேருந்து எடுத்த?"

"நீ வட்டம் போட்ட இடந்தான். இதோ, இந்த ஓரம்."

அக்கா குனிந்து பார்த்தாள். "இது தலைப்பக்கத்துலேருந்து பாக்குற மாதிரி கெடக்கு. படத்தை நாம காலடியிலேருந்துதானே பாக்குறோம்?"

கத்தி வில்லையைப் புரட்டிப் போட்டாள். இடது வலதானது. வட்டம் போட்ட இடம் எதிர் ஓரத்துக்குப் போனது. அங்கே திசு எடுத்த தடமே இல்லை.

"அய்யோ" என்றாள் கத்தி.

அவசரமாக அந்த ஓரத்தில் திசு எடுத்து, உறையவைத்துச் சீவிச் சாயமேற்றினாள். வெளியே தம்பி திமிறிக்கொண்டு வந்துவிட்டான். கையில் கிடைத்த இரும்புக் கம்பி கதவில் விழுந்தது. மறுபடி விழுந்தது. பலகை பிளந்தது.

நுண்ணோக்கியிலிருந்து கத்தி தலையைத் தூக்கினாள். "இருக்கு. புத்துதான். நீ சொன்ன அதே எடம்."

அக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அப்பாவுக்குப் புற்று என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். உதடு இன்னும் கிழிந்தது.

தாழ் பெயர்ந்து தம்பி உள்ளே வந்து விழுந்தான். எழுந்து இரும்புக் கம்பியை ஓங்கினான். "சிரிக்கிறியா?"

"இருந்துச்சுடா! புத்து இருந்துச்சு! நான் சொன்னது சரிதான்டா!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவன் கத்தியைப் பார்த்தான். அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"சரி. நீ சொன்னது சரி" என்றான். "அப்பா எங்க, அக்கா?"

பதில் சொல்வதற்குள் அக்காவின் கண் தானாகத் தட்டுக்குப் போனது. அவனும் பார்த்தான்.

கத்தி ஒரு துணியை எடுத்து, மெதுவாகத் தட்டை மூடினாள்.