கழுகு காற்றைத் தேடிப் போனது

வேலைத்தளத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுகு என்றால்தான் தெரியும். கட்டிடத்தையும் தாண்டி நின்ற கிரேனின் உச்சியில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க இருப்பாள். இரண்டு பக்கமும் இரண்டு பிடி. ஒன்றை அசைத்தால் கிரேனின் நீண்ட கை திரும்பும், இன்னொன்றை அசைத்தால் கொக்கி இறங்கும். உயரம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒத்துவராதது காற்று ஒன்றுதான்.

காற்று அளவு மீறினால் கூண்டுக்குள் மணி அலறும். உடனே வேலையை நிறுத்த வேண்டும். காற்று இழுத்த பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பும்படி பூட்டை எடுத்துவிட்டு ஏணியில் இறங்கிவிட வேண்டும். "பாழாப்போன காத்து" என்று வைதுகொண்டேதான் ஒவ்வொரு தடவையும் இறங்குவாள்.

அன்றைக்கும் மணி அலறியது. பூட்டை எடுத்துவிட்டு எழுந்தவள் தற்செயலாகக் கடல் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துறைமுகச் சுவருக்கு அப்பால், பிறை மாதிரி வளைந்த ஒரு பெரிய சிவப்புப் பட்டம். அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு ஓர் ஆள். தண்ணீர்மேல் வெள்ளையாகக் கோடு கிழித்துக்கொண்டு வந்த அந்த ஆள், திடீரென்று கடலை விட்டுக் கிளம்பினார். மேலே போனார். இன்னும் மேலே போனார். ஒரு மூச்சு நேரம் ஆகாயத்தில் தொங்கினார். பிறகு இலவம்பஞ்சு மாதிரி மெல்ல இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போனார்.

வாக்கிடாக்கியில் மேஸ்திரி கத்தினார். "கழுகு! தூங்கிட்டியா? இறங்கு!"

இறங்கினாள். ஆனால் அன்றைக்குக் காற்றைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. தன்னை இறக்கிவிடுகிற அதே காற்று இன்னொருவரை ஏற்றிவிடுகிறது என்பது ஏணி முழுக்க அவளோடு கூடவே இறங்கி வந்தது.

வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பாதி, ஊரார் தாடைகளின் மாவுக்கட்டு அச்சுகளுக்குத்தான். அவள் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம், மெழுகு சுரண்டுகிற கத்தியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"மேலே தொங்குற வேலை பத்தலையா உனக்கு?" என்றார்.

"அது கூண்டுங்க. இது வெறும் காத்து."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். தாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே போய்க் கடற்கரை வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். சுருண்டுகொண்ட மூலைகளில் இரண்டு மேல்தாடை, இரண்டு கீழ்த்தாடை எடுத்துப் பாரம் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் 'சரி' சொல்கிற விதமே அதுதான்.

பட்டம் பழக இடம் தேடுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரும் வந்து சேர்ந்துகொண்டாள். நீச்சல்குளத்தில் காவல் வேலை அவளுக்கு. தண்ணீர் என்றால் பயமில்லை, தண்ணீரில் இறங்குகிறவர்கள் என்றால்தான் பயம்.

முதலில் பார்த்த இடம் படத்தில் கண்ணைப் பறித்தது. ஆனால் அலைக்கு அடியில் முழுக்கப் பாறை. அதை நாத்தனார் அடித்துவிட்டாள். அடுத்த இடத்தில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் என்றிருந்தது.

"இது சுத்தமா வேணாம் அண்ணி. கயித்தைப் பிடிச்சீங்கன்னா நேரா அடுத்த நாட்டுக்குப் பார்சல்" என்றாள்.

கடைசியில் வரைபடத்தின் ஓரத்தில், ஒரு கீழ்த்தாடைக்கு அடியில் ஒளிந்திருந்த இடம் அகப்பட்டது. நீளமான மணல்திட்டு கடலைத் தடுத்து நிற்க, உள்பக்கம் இடுப்பளவுத் தண்ணீர். காற்று கரையை ஒட்டியே போகும். விழுந்தாலும் எழுந்து நிற்கலாம். கற்றுக்கொடுக்கிற ஒருத்தியும் அங்கேயே இருந்தாள்.

எந்த மாதம் போவது என்பதற்காகக் கழுகு காற்றின் போக்கைப் படிக்க ஆரம்பித்தாள். கூண்டில் காற்றின் வேகம் காட்டும் முள் ஏறும்போதெல்லாம் வைதவள், இப்போது முள்ளை ஆசையாகப் பார்த்தாள். எதிரி வீட்டில் சம்பந்தம் பேசப் போனவள் மாதிரி இருந்தது அவளுக்கு. காற்றுக் காலத்திலேயே லீவு கேட்டபோது மேஸ்திரி சிரித்துவிட்டார். "எப்படியும் பாதி நாள் கீழே சும்மாதான் உக்காந்திருப்பே. போய்ட்டு வா."

போனார்கள். காற்று வரவில்லை.

கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. அறைச் சன்னலில் திரைச்சீலை ஆடக் காணோம். நாத்தனார் வெயிலில் தோல் உரிந்து, "திட்டித் திட்டியே காத்தை விரட்டிட்டீங்க அண்ணி" என்று கேலி செய்தாள். கழுகு கரையில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் காற்றை வா வா என்று வேண்டினாள். பயிற்சிக்காரி, கடுகு போலச் சின்ன உருவம், வலை போட்டவள் மாதிரிப் பொறுமை. "வரும். வந்தா நமக்கு உக்கார நேரமிருக்காது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கழுகு பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வெளியே ஓடினாள். கடல் முழுக்க வெள்ளை நுரை.

முதலில் மணலில் வைத்துச் சின்னப் பட்டம் ஒன்றைக் கொடுத்தாள் பயிற்சிக்காரி. அதற்கடுத்த நாள் பெரிய பட்டம், பலகை இல்லாமல் தண்ணீரில். பட்டத்தின் கயிறுகள் வந்து சேர்கிற கைப்பிடிக் கம்பியை ஒரு விரல் அளவுக்குத் திருப்பினாள் கழுகு. மேலே பட்டம் சர்ரென்று ஆகாயத்தை வெட்டிக்கொண்டு இறங்கியது. இடுப்புப் பட்டையில் ஏதோ ஒன்று கொக்கி போட்டு இழுத்தது. குப்புற விழுந்தவளைத் தண்ணீரோடு தண்ணீராக இழுத்துக்கொண்டு போனது. இத்தனை வருஷமும் இரும்பையும் சிமெண்டையும் தூக்கினவள், இன்றைக்குத் தானே கொக்கியில் மாட்டிய சரக்காகப் போனாள். முரட்டுத்தனம் இல்லை அதில். ஒரு பெரிய உயிர் தன் கையைப் பிடித்து, வா என்று கூட்டிப்போவது போல இருந்தது. வாயில் உப்புத் தண்ணீர், கண்ணில் உப்புத் தண்ணீர். அதில் எது கடல், எது அவள் என்று தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பலகை கட்டினார்கள். கரையில் வேறு ஆள் இல்லாததால், பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை வீட்டுக்காரருக்கு வந்தது. அவள் கட்டை விரலைக் காட்டியதும் கையை எடுத்தால் போதும், பட்டம் தானே ஏறும். அவ்வளவுதான் வேலை.

அவள் கட்டை விரலைக் காட்டினாள். அவர் விடவில்லை.

"விடுங்க!" என்றாள் பயிற்சிக்காரி.

"அண்ணா, விடு!" என்றாள் நாத்தனார்.

அவர் இரண்டு கையாலும் பட்டத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பட்டம் படபடவென்று துடித்தது, கூடவே அவரும். பயிற்சிக்காரி போய்ப் பட்டத்தை வாங்கிக்கொள்ள, கழுகு இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு அவரிடம் நடந்து வந்தாள்.

"என்னாச்சுங்க?"

"உன் கிரேன் இருக்குற தெருவுல நான் நடந்ததே இல்லை, தெரியுமா?" என்றார். "சுத்தி வளைச்சுதான் கடைக்குப் போவேன். நிமிந்து பாத்தா நீ விழுந்துடுவியோன்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். இன்னைக்கு என் கையாலேயே விடச் சொல்றே."

அவள் திகைத்துப்போனாள். அந்த மனுஷன்தான் தாடைகளை ஒதுக்கி வைத்து வரைபடம் விரித்தவர். காற்றுக்கு ஏற்ற மாதத்தை அவளோடு உட்கார்ந்து தேடியவர். அத்தனை நாளும் இந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்? கடலைப் பார்த்து வாய் பிளந்தது போலவே இப்போது அவரைப் பார்த்து நின்றாள்.

"வேணாம்னா சொல்லுங்க. போயிடலாம்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "போ. போய் நில்லு. இந்தத் தடவை விட்டுடுறேன்."

விட்டார்.

பட்டம் ஏறியது. முதல் தடவை அவள் முகம் குப்புற விழுந்தாள். அடுத்த தடவை மல்லாக்க. பிறகு கம்பியைத் திருப்பினபோது, பலகை தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் நிமிர, எழுந்துவிட்டாள். காலுக்கு அடியில் கடல் ஓடியது. இன்ஜின் இல்லை, மணி இல்லை. துணி காற்றில் விம்முகிற சத்தமும், பலகை தண்ணீரைச் சீவுகிற சத்தமும் மட்டும். ஆகாயம் முழுக்க வந்து தன் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டது போல இருந்தது. அவள் எதையும் நினைக்கவில்லை. மணல்திட்டு வரை போய், திரும்பத் தெரியாமல் பொத்தென்று விழுந்தாள்.

வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் சட்டையோடு ஓடி வந்தார். "எப்படி இருந்துச்சு? சொல்லேன், எப்படி இருந்துச்சு?"

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"சரி, அப்புறம் சொல்லு" என்றார் அவர். பலகையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு பேரும் காற்றுக்கு எதிராகக் குனிந்து, மெல்ல மெல்லக் கரைக்கு நடந்தார்கள்.