மேல் அம்பு, என்டர்

செல்வமலர் கீபோர்டில் மேல் அம்பை அழுத்திவிட்டு என்டரைத் தட்டினாள். நின்றுபோயிருந்த எழுத்துகள் திரையில் மறுபடி ஓடத் தொடங்கின. வியாழக்கிழமையிலிருந்து அவள் செய்துவரும் வேலை இதுதான். இன்று புதன். பத்து மணிக்குப் பெட்டியோடு கார் வரும்.

"செத்தவீட்டிலை உதென்ன இரைச்சல்? நிப்பாட்டு பிள்ளை," என்று மாடி அறை வாசலில் நின்றாள் தவநாயகி, செத்தவரின் அக்கா. லண்டனில் நோர்பரி முழுக்கக் கேட்கும்படி ஒப்பாரி வைக்கக்கூடியவள். ஆனால் கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் அவளுக்கு ஆகாது.

"அவர் நிப்பாட்ட வேண்டாமெண்டவர், மச்சாள்."

அவள் புருஷன் யோகராஜா அப்படிச் சொன்னது உண்மைதான். அம்புலன்ஸ்காரர் படியிறக்கிக் கொண்டுபோகும்போது, நெஞ்சைப் பிடித்தபடியே சொன்னார். "மலர், விழுந்தால் மேல் அம்பு, என்டர். விட்ட இடத்திலை இருந்து போகும்." கடைசி வார்த்தை என்று பார்த்தால் அதுதான். இருபது வருஷக் குடித்தனத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷன் சாகப்போகிறேன் என்று நினைத்துப் போகவில்லையே.

இரண்டு மாதமாக அவருக்கு இதே பைத்தியம். இலவசமாகக் கிடைத்த ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் முழுவதையும் வீட்டிலேயே கொம்பைல் பண்ணி, அதாவது மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, தன் மெஷினைத் தானே கட்டி எழுப்ப வேண்டும். அதை மாற்றித்தரும் கொம்பைலரோ பாதி வழியில் 'சிக்னல் 11' என்று எழுதிவிட்டு விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். செல்வமலருக்கு அதில் ஒரு மண்ணும் விளங்காது. அந்தப் பதினொன்றை மட்டும் தெரியும்.

வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. பதினொன்றைக் கண்டால் மட்டும் கை தானாகப் போனது. அவர் கேட்டதை முடித்துக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுடலைக்குப் போய்வர நாலு மணித்தியாலம் ஆகும். அதுவரை யார் அழுத்துவது?

அதற்காகத்தான் யோகராஜாவோடு வேலை செய்த பத்மநாதனை ரெய்னர்ஸ் லேனிலிருந்து வரச்சொல்லியிருந்தாள். அவன் எட்டரைக்கே வந்தான். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினான்.

"ஐயோ தம்பி!"

"பயப்பிடாதேங்கோ அக்கா. நிப்பாட்டினாலும் விட்ட இடத்திலை இருந்துதான் போகும்."

மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றி அவள் கையில் கொடுத்தான். உள்ளே இருந்து சீப்பளவு பச்சைத் தகடு ஒன்றை உருவி மேசையில் வைத்துவிட்டு, மெஷினை மறுபடி ஓடவிட்டான். எழுத்துகள் ஓடின. ஒரு மணித்தியாலமாகியும் நிற்கவில்லை. அவள் விரல் அம்புக்கு மேலேயே காத்திருந்து களைத்தது.

"இனி விழாது. மத்தியானத்துக்குள்ளை முடிஞ்சிடும். நீங்கள் நிம்மதியாப் போயிட்டு வாங்கோ."

"என்ன பிழை தம்பி?"

"உந்த மெமரித் தகடு பழுது. போன மாசமே அண்ணைக்குச் சொன்னனான், உதைக் கழட்டிப் பாருங்கோ எண்டு. தனக்கும் தெரியுமெண்டார். ஆனால் கழட்டமாட்டாராம். ஏனெண்டு கேட்டன், சிரிச்சுப்போட்டு விட்டிட்டார்."

செல்வமலர் தகட்டை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் கம்ப்யூட்டர் சந்தைக்காரனின் மஞ்சள் லேபல் உரிக்காமல் இருந்தது. மெமரி காணாது, போதாது என்று முனகிக்கொண்டிருந்தவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக ஓகஸ்டில் அவள் தனியாகப் போய் வாங்கிவந்தது. இதுதானா, இதுதானா என்று விற்றவனிடம் மூன்று தரம் கேட்டிருந்தாள். அன்று பின்னேரமே அவர் அதை மெஷினுக்குள் பூட்டினார். சரியான சாமான் மலர், என்றும் சொன்னார்.

"திரும்பப் போடுங்கோ," என்றாள்.

"போட்டால் விழும், அக்கா."

"விழட்டும்."

"நீங்கள் வாறவரைக்கும் சும்மா நிண்டிடும்."

"நான் வந்து அமத்துறன்."

பத்மநாதன் அவள் முகத்தைப் பார்த்தான். மெஷினை நிறுத்தி, தகட்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினான்.

கீழே ஒரேயடியாக ஒப்பாரி எழுந்தது. "கார் வந்திட்டுது மலர்! என்ரை தம்பி வந்திட்டான், இறங்கி வா!" என்று தவநாயகி படியடியில் நின்று கத்தினாள்.

"மூடியைப் பிறகு பூட்டட்டோ, அக்கா?"

"இல்லை, இப்பவே பூட்டுங்கோ."

அவள் உள்ளங்கையை விரித்தாள். அவன் ஒரு திருகாணியை எடுத்துப் பூட்டிவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினான்.