பின்கதவைப் பிடித்து நின்றவள்

1

இந்தக் கதை ஒரு கையிலிருந்து தொடங்கியது.

ஜூன் மாதம், சனிக்கிழமை மதியம். அமெரிக்காவில், கார் தொழிற்சாலைகளின் ஊரான டியர்பார்னில் வாரன் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில், டயர் கடைக்கு மேலே என் அறை. கீழே ஒரு லெபனான் வீட்டுக் கல்யாண ஊர்வலம் புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தெரு நடுவே ஒரு கறுப்பு வண்டி. அதன் பின்கதவில் உள்ளங்கையைப் பதித்து, யாரையும் திறக்கவிடாமல், பச்சைப் பட்டு கவுனில் ஒரு பெண் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தன் பொருளின் விலை தெரிந்தவள் முகம் அது.

அந்தக் கையை நான் பார்த்தேன். மற்றதில் பெரும்பகுதி நான் கட்டியது. ஆனால் இந்தத் தெருவிலேயே பல வருடம் குடியிருந்துவிட்டுக் கட்டுவதற்கும், வெறுமனே கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்த வண்டிக்கு நான்கு கதவுகள் இருந்தன. அதுதான் அது செய்த குற்றம்."

நன்றாக இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே கைதட்டல் வாங்கிவிட்ட கதை, அதற்குப் பிறகு நடக்கச் சோம்பல்படும்.

அடுத்தது: "மழையில் நனைந்தபடி நின்றிருந்த அந்த—"

மழை பெய்யவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தால் இப்படித்தான் ஆகும். வண்டி என்று எழுதியதும் கை தானாகவே மழையை வரவழைக்கிறது.

இன்னொன்று: "ஹனாதிக்கு அண்ணன் தம்பி கிடையாது."

இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஹனாதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரே அக்கா, ரீமா. கல்யாணம் ரீமாவுக்கு. மாப்பிள்ளை வலீதுக்கு ஹூஸ்டனில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அக்காவும் அங்கே போய்விடுவாள். அதனால் ஹனாதிக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஊர்வலத்தின் தலைவண்டியாகத் தன் வண்டி போக வேண்டும், அதில் அக்காவைத் தானே மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இவற்றை மசில் கார் என்பார்கள். முகப்புக்குள் பெரிய இன்ஜின், சாலையைத் தன் சொத்துப்போலப் பார்க்கும் முகம், சாவியைத் திருகினால் பக்கத்து வீட்டுப் பீங்கான் தட்டுகள் பதில் சொல்லும். (கம்பெனிப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். கதை விளம்பரமாகிவிடக் கூடாது.) ஹனாதி கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைத்துவிட்டு, நாலு அடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பார்ப்பாள். பிறகு இன்னும் நாலு அடி.

ஒரே ஒரு சிக்கல். அவளுடையது நான்கு கதவு. மாப்பிள்ளையின் தம்பி கஸ்ஸானும் அவன் கூட்டாளிகளும் வைத்திருப்பது இரண்டு கதவு.

இது என்ன பெரிய சிக்கல் என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

4

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், ரொட்டிக் கடை வாசலில்.

"முன்வரிசை ரெண்டு கதவுக்குத்தான்," என்றான் கஸ்ஸான். ஸாத்தர் மூலிகைப்பொடி தூவிய ரொட்டியை வண்டிமேல் சிந்தாமல், குனிந்து தின்றுகொண்டிருந்தான். "நாலு கதவெல்லாம் பின்னாடி. அத்தைங்க, சித்திங்க, சாப்பாட்டுப் பாத்திரம்."

"யாரு போட்ட சட்டம்?" என்றாள் ஹனாதி.

"பாத்தாலே தெரியுது. உன் வண்டிக்கு மஞ்ச பெயின்ட் அடிச்சு, மேல ஒரு விளக்கு வெச்சா ஏர்போர்ட்டுக்கு சவாரி போலாம்."

"போலாமே. முதல் சவாரி நீதான். இறக்கி விட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துடுவேன்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். கஸ்ஸானும்தான் சிரித்தான்.

"ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்டா," என்றாள்.

"இன்ஜின் ஒண்ணுதான். ஆனா தோளப் பாரு. கண்ணாடிக்குப் பின்னால கூரை எப்படி எறங்குது பாரு. பாயப் போற பூனை மாதிரி. உன்னுது மளிகை வாங்கப் போற மாதிரி."

"மளிகையும் வாங்குவேன். உன்னத் தாண்டிப் போய் வாங்குவேன். ரெண்டு பேரச் சுமக்கவே உன்னுது இவ்ளோ கத்துது. என்னுது அஞ்சு பேர வெச்சுக்கிட்டு அதே ஓட்டம் ஓடும். அதுல எது பெருசு?"

"இடம் இருக்கு, ஒத்துக்கறேன். குடும்பத்துக்கு நல்ல வண்டி."

இதுதான் அவளைக் குத்தியது. டாக்சி என்றது குத்தவில்லை. இந்தப் பாராட்டுதான் குத்தியது.

(தமிழ் வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அக்காவைக் கட்டப் போகிறவனின் தம்பி, வாய்ச்சண்டை வேறு. அப்புறம் என்ன, இன்னொரு கல்யாணம்தானே? இல்லை. அவளுக்கு அந்த எண்ணம் இல்லை. எனக்கும் இல்லை. அவளுக்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.)

5

கல்யாண நாள். இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, இவர்கள் வீட்டு வழக்கம். பெண் பிறந்த வீட்டிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையோடு தனியாகப் போக மாட்டாள். அப்பாவின் அக்கா தங்கை யாராவது கூடப் போக வேண்டும்.

மற்றது ஊர் வழக்கம். பெண் ஏறப் போகும் வண்டியின் கதவை அவளுடைய சகோதரன் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டதை மாப்பிள்ளை கொடுத்தால்தான் கதவு திறக்கும். சகோதரன் இல்லாத வீடு என்பதால் ஹனாதியின் அப்பா நஸ்ரி, "அத விட்டுடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்று முன்பே சொல்லிவிட்டார்.*

கஸ்ஸானின் இரண்டு கதவு வண்டி வாசலில் முதலாவதாக நின்றது. வெள்ளை ரோஜா, வெள்ளை ரிப்பன். வலீத் ஓட்டுவான், ரீமா பக்கத்தில், சல்வா அத்தை பின்சீட்டில். ஹனாதியின் வண்டி வரிசையின் கடைசியில், டிக்கியில் பக்லாவா இனிப்புத் தட்டுகளோடு.

முன்சீட்டைக் குனிய வைத்து, சல்வா அத்தை முதலில் தலையை உள்ளே விட்டாள். பிறகு வெளியே எடுத்தாள். பிறகு காலை விட்டாள். கைப்பை எப்படியோ உள்ளே போய்விட்டது. அத்தைதான் போகவில்லை.

"டேய், இது காரா, ஊறுகாய் ஜாடியா?"

"இன்னும் கொஞ்சம் சாஞ்சு போங்க அத்தை."

"சாஞ்சா எந்திரிக்க மாட்டேன். மண்டபத்துல என்னக் கரண்டி போட்டு எடுப்பியா? இதுல பின்னாடி யாராவது உக்காந்திருக்காங்களா, சொல்லு."

கஸ்ஸான் யோசித்தான். அந்த வண்டியின் சக்கரத்து அகலம் அவனுக்குத் தெரியும். எந்த வேகத்தில் எந்தச் சத்தம் வரும் என்று தெரியும். தன் பின்சீட்டில் ஒரு நாள்கூட அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் கூட்டாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசை முழுவதும் இரண்டு கதவு.

அப்போதுதான் வலீத், நல்ல மனிதன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், கடைசி வண்டியைப் பார்த்துக் கூப்பிட்டான். "ஹனாதி, உன் வண்டில இடம் இருக்குல்ல? முன்னாடி கொண்டு வாம்மா."

*இந்த வரியை நான் அவர் வாயில் வைத்தபோது, ஹனாதி கேட்டுக்கொண்டு நிற்பது என் நினைவில் இல்லை. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

6

அவள் கொண்டு வந்தாள். மெதுவாக, ஒவ்வொரு இரண்டு கதவு வண்டியையும் தாண்டி, இன்ஜின் அடித்தொண்டையில் பேச, வாசலுக்கு நேரே நிறுத்தினாள். இறங்கினாள். நான்கு கதவையும் பூட்டினாள். பின்கதவில் கையை வைத்தாள்.

மேளம் நின்றது. நான் ஜன்னலுக்கு வந்தது இங்கேதான்.

"என்னம்மா?" என்றார் நஸ்ரி.

"சகோதரன் நிக்கற இடம்ப்பா. யாரும் நிக்கல. நான் நிக்கறேன்."

அவர் கோட்டின் பித்தான் ஒன்றைப் போட்டு, சற்று நிமிர்ந்து நின்றார்.

வலீத் சிரித்தான். "சரி, நியாயம்தான். என்ன வேணும் சொல்லு. தங்கமா?"

"தங்கம் வேணாம் மாமா. இடம் இருக்குன்னு கூப்பிட்டீங்கல்ல, அந்த வார்த்தையத் திரும்ப எடுத்துக்குங்க."

"பின்ன என்ன சொல்லிக் கூப்பிடறது?"

"அத கஸ்ஸான் சொல்லட்டும்."

தெருவே கஸ்ஸானைப் பார்த்தது. அவன் தன் ரோஜாக்களைப் பார்த்தான்.

[இங்கே நான் சில நாட்கள் எழுதாமல் இருந்தேன். ஒரு பிரதியில் கஸ்ஸான் மன்னிப்புக் கேட்டான். கேட்டபோது அவன் வேறு யாரோ ஆகிவிட்டான், கிழித்தேன். இன்னொரு பிரதியில் ஹனாதி பெருந்தன்மையாகச் சிரித்துக் கதவைத் திறந்துவிட்டாள். அதைக் கிழித்தபோது கொஞ்சம் ஆத்திரத்தோடுதான் கிழித்தேன். பெருமையை ஏன் எப்போதும் அதை வைத்திருப்பவரே இறக்கிவைக்க வேண்டும்?]

கதையை நகர்த்தியது நான் இல்லை, ரீமா. இதை நான் ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்தேன். வெள்ளை கவுனை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வாசற்படி இறங்கி வந்தாள். தங்கையின் கை இருந்த பின்கதவைப் பார்த்தாள். அதைத் தாண்டி நடந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் முன்கதவின் பிடியைப் பற்றினாள்.

"பின்னாடி யாரு வேணா உக்காருங்க. எனக்கு இடம் வேணாம், இந்த வண்டிதான் வேணும். ஹனாதி, பூட்டத் திற. வெயில்ல மை கரையுது."

ஹனாதியின் கை கதவிலிருந்து இறங்கியது. கறுப்பு பெயின்ட்டில் உள்ளங்கையின் ஈரத்தடம் ஒரு நொடி இருந்து காய்ந்தது. மாப்பிள்ளையும் சல்வா அத்தையும் பின்சீட்டில், ஆளுக்கொரு கதவு. மேளம் இரட்டிப்பாக எழுந்தது. தலைவண்டியாக அது திரும்பியபோது, என் ஜன்னல் கண்ணாடியும் நடுங்கியது.

7

வாரன் சாலையும் ஷேஃபர் சாலையும் வெட்டிக்கொள்ளும் விளக்கு என் அறையிலிருந்து தெரியாது. அதனால் இது முழுக்கக் கற்பனை, முழுக்க உண்மை.

சிவப்பு. ஹனாதி நிறுத்துகிறாள். மணப்பெண்ணின் கவுன் கியர்வரை வந்து விழுந்து கிடக்கிறது. பக்கத்து வரிசையில் கஸ்ஸானின் வண்டி வந்து நிற்கிறது. தனியாக ஓட்டி வருகிறான். அவன் பின்சீட்டில் சல்வா அத்தையின் கைப்பை மட்டும். கண்ணாடியை இறக்குகிறான்.

"ஹனாதி," என்கிறான். "உன் வண்டி..."

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. 'உன் வண்டியும் வண்டிதான்' என்று எழுதினேன், கஞ்சத்தனமாக இருந்தது. 'அழகா இருக்கு' என்று எழுதினேன், அது நான் பேசுவது. அவனாலும் முடிக்க முடியவில்லை போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்து, காலை அழுத்தி இன்ஜினை ஒருமுறை உறும விடுகிறான். பிறகு இன்னொரு முறை.

"எதுக்குடி இவன் இப்படி உறுமறான்?" என்கிறாள் பின்சீட்டு அத்தை.

"மரியாதை பண்றான் அத்தை," என்கிறாள் ஹனாதி.

சிவப்பு விளக்கில் டாக்சியை யாரும் பந்தயத்துக்குக் கூப்பிடுவதில்லை. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவள் வலது கால் ஆக்சிலரேட்டர்மேல் இருக்கிறது. முன்னால் சாலை காலியாக, நேராக, மண்டபம்வரை போகிறது. பின்னால் கண்ணாடியில் ஊர்வலம் முழுவதும். அவள் அக்காவைத் திரும்பிப் பார்க்கிறாள். ரீமா கவுனுக்குள் கைவிட்டுத் தேடி, சீட் பெல்ட்டை இழுத்து, அழுத்தி மாட்டிக்கொள்கிறாள்.

விளக்கு இன்னும் சிவப்பு. நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். பச்சையை நீங்கள் போடுங்கள்.