ரோடு ரோலருக்கு நான் அடித்த பச்சை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா தோற்றுப்போவாள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா என்று கேட்காதீர்கள், எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகும். துருப்பிடித்த பன்னிரண்டு டன் இரும்பு, அதோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டும் ஒரு பெண், கடைசியில் பழைய இரும்புக் கடை லாரி. படிக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள், எனக்கும் நாலு பேரிடம் பெயர் கிடைக்கும் என்று இருந்தேன்.

விவரம் இதுதான். சாலைத் துறைக் கிடங்கின் பின்பக்கம் ஒரு நீராவி ரோடு ரோலர் கிடந்தது. நிலக்கரி போட்டு ஓட்டுகிற பழைய வகை. முன்னால் ஓர் உருளை, பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு சக்கரங்கள், நடுவே படுத்த வாக்கில் பாய்லர். அக்கா ஓர் ஆலையில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்தவள். ஓய்வுபெற்ற மறுவாரமே கிடங்கு மேற்பார்வையாளரிடம் போய், இதைச் சரிசெய்ய அனுமதி கேட்டாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன்.

"முப்பத்தோரு வருஷம் நின்ன எடத்துலயே நிக்கிற பாய்லரப் பாத்தாச்சுடா. நடக்கிற பாய்லர் ஒண்ணு எனக்கு வேணும்."

(இதை நான் யோசித்து எழுதியிருந்தால் இன்னும் மூன்று வரி நீண்டிருக்கும்.)

இந்த வருடம் அந்த இடத்தில் கட்டடம் வரப்போகிறது. சனிக்கிழமைக்குள் வண்டி தானாக ஓடிக் கேட்டைத் தாண்டினால் அக்காவுக்கு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போவார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதற்கு முன் பாய்லர் ஆய்வாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். சான்று இல்லாமல் நெருப்பு மூட்டக் கூடாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அன்று காலை வானம் — (வேண்டாம். வானத்தைப் பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இல்லை.)

இரும்புக்குள்ளும் ஓர் இதயம் — (ஐயோ.)

கிடங்கின் கதவைத் திறந்ததும், பச்சைப் பசேலென்று பளபளத்துக்கொண்டு நின்றது அந்த ரோடு ரோலர்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு சிக்கல், ரோலர் பச்சையாக இல்லை. அக்கா துருவையெல்லாம் சுரண்டி வெறும் இரும்பாக வைத்திருந்தாள். புத்தியுள்ளவன் வாக்கியத்தை மாற்றியிருப்பான். நான் வண்டியை மாற்றினேன். ஒரு வால்வு வாங்க அக்கா வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், நாலு டப்பா பெயிண்ட் வாங்கிப் பாய்லருக்கு மூன்று கோட் அடித்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்திருந்தேன்.

திங்கட்கிழமை இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்த அக்கா, பாய்லரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். எத்தனை கோட் என்று மட்டும் கேட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே எழுதியும் வைத்தேன்.

3

ஆய்வாளரை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். மனிதர் பரம சாது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்தவர் பாய்லரைப் பார்த்துவிட்டுத் தன் பையைத் திறக்கவே இல்லை.

சோதனை எளிமையானது. பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்ப்பார்கள். மேலே பெயிண்ட் இருந்தால் சொட்டு வெளியே தெரியாது. இது ஊரில் உள்ள பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அடியில என்ன இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? சுத்தமா எடுத்து வைங்க, வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்கப்புறம் இந்த மாசம் எனக்கு நாளே இல்ல."

அவர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுறதோட நிக்க மாட்டியா நீ?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நான் ஆசைப்பட்ட தோல்வி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் என் கைங்கரியத்தால். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு வரியும் ஓடவில்லை.

4

அடிக்க இரண்டு நாள், சுரண்ட மூன்று நாள். முதல் நாள் அக்கா என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள், "இந்த மூலையில ஒரு அழகான வாக்கியம் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, அதையும் எடு" என்றாள். அப்பாடா என்றிருந்தது. அவள் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டால் கோபம் பாதி போய்விட்டது என்று பொருள்.

வியாழக்கிழமை மதியம் இரும்பு வெளியே வந்ததும், அக்கா தானே தண்ணீர் நிரப்பிப் பம்பு அடித்துப் பார்த்தாள். தகடுகளை இணைக்கும் ரிவெட் வரிசையில், ஒன்றின் கீழ் கடுகளவு ஈரம். துடைத்தாள், மறுபடி வந்தது. அவள் அழுத்தத்தை இறக்கி, மழுங்கிய உளியையும் சுத்தியலையும் எடுத்து, ரிவெட்டின் விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி இறுக்கினாள். மறுபடி பம்பு. காத்திருந்தோம். ஈரம் வரவில்லை.

அன்று நான் எழுதியது: "நல்லவேளை, நான் பெயிண்ட் அடித்ததால்தான் அந்தக் கசிவு கண்ணில் பட்டது." அக்கா அதைப் படித்துவிட்டுப் பென்சிலால் ஒரே கோடாக அடித்துவிட்டாள்.

"நீ அடிக்கலேன்னா திங்கக்கிழமை ராத்திரியே கண்டுபிடிச்சிருப்பேன். உன் தப்பத் தப்பாவே எழுது."

எழுதிவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை பம்பு அடித்தது நான். அழுத்தமானியின் முள் ஏறி, வேண்டிய கோட்டில் நின்றது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கைவிளக்கோடு பாய்லரைச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு முள்ளையே பார்த்தபடி நின்றாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

சொல்வதற்கென்ன வெட்கம், அந்த அரை மணி நேரம் எனக்குக் கதையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், அந்த முள் இறங்காமல் இருந்தால் போதும் என்று கிடந்தேன். என் அருமையான சோக முடிவு கண்ணெதிரே நாசமாகிக்கொண்டிருந்தது. எனக்கோ தலைகால் புரியாத ஆனந்தம்.

"ஒரு சொட்டு இல்லம்மா," என்று எழுந்தார் ஆய்வாளர். அந்த ரிவெட்டைத் தட்டியது யார் என்று கேட்டார். அக்கா தன்னைக் காட்டினாள். அவர் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

6

முடிவுகள்:

அ) ஊரே திரண்டு கைதட்டியது. (வந்தது மூன்று பேர். நான், மேற்பார்வையாளர், கேட் காவலாளி. காவலாளிக்கு வேறு வழியில்லை.)

ஆ) அக்காவின் கண்கள் கலங்கின. (படித்துவிட்டு, புகைடா அது என்றாள்.)

இ) நடந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நெருப்பு மூட்டி, பத்து மணிக்கு நீராவி சேர்ந்தது. அக்கா மேலே ஏறி நெம்புகோலைத் திறந்தாள். புகைபோக்கி கரித்தண்ணீரைக் கக்கி மேற்பார்வையாளரின் வெள்ளைச் சட்டையை ஒருவழி பண்ணியது. பாய்லரின் பக்கவாட்டில் என்ஜினோடு சுழலும் பெரிய சக்கரம் மட்டும் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. எனக்கு மூச்சும் நின்றுவிட்டது. அக்கா பதறவில்லை. நெம்புகோலை மூடி, உள்ளே தேங்கிய தண்ணீரைக் குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, மறுபடி திறந்தாள்.

பன்னிரண்டு டன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஓர் அடி. பிறகு சரளைக் கல்லெல்லாம் நொறுங்க, தரை அதிர, அது பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. அக்கா வாய்கொள்ளாமல் சிரித்தாள். என் ஐம்பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கூடவே ஓடினேன், அழுதுகொண்டுதான் ஓடினேன், எனக்குப் புகை படவில்லை.

பின்சக்கரங்கள் கேட்டைத் தாண்டியதும், "உங்களுதும்மா," என்றார் மேற்பார்வையாளர், சட்டையைத் துடைத்தபடி. நான் அங்கே முற்றும் என்று எழுதினேன். கச்சிதமான இடம். எதிரே வாடகைக்குப் பிடித்திருந்த கொட்டகைக்குள் அவள் வண்டியைத் திருப்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு.

அவள் கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கே போகிறாய் என்று கத்தினேன்.

"நேரா."

ஆகவே, இதன் முடிவு என் கையில் இல்லை. அவள் இப்போது நீங்கள் இருக்கிற பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறாள், எங்கே நிறுத்துவது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துகிற நெம்புகோலை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும், அதை இழுக்கிற உத்தேசம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.