அழிக்கவும்

ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே அலுவலகம். மென்பொருளுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிறவள் இளையவள், திருத்துகிறவள் மூத்தவள். இளையவளுக்கு அந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும்.

"'பழைய பதிவுகளைப் பார்ப்பதற்கும், தேவையானால் அழிப்பதற்கும்...' எதுக்குடி இப்படி நீட்டி முழக்குற?" மூத்தவள் விசைப்பலகையில் நாலு தட்டுத் தட்டினாள். "இப்ப படி."

"'பழைய பதிவுகளைப் பார்க்கவும் அழிக்கவும் பச்சைப் பொத்தானை அழுத்தவும்.' அக்கா, அழிக்கவும்னா அழிச்சுடுன்னு உத்தரவு போடுற மாதிரி இல்ல?"

"அழிக்கிறதுக்கும்னு அர்த்தம்டி."

"கடைசில அழுத்தவும்னு வருதே, அது உத்தரவுதானே? மூணும் ஒண்ணா நின்னா படிக்கிறவன் என்னத்தைக் கண்டான்?"

"படிக்கிறவன் உன்னை மாதிரி மண்டூகமா இருக்க மாட்டான். என் கொழுந்தன் இந்தத் தமிழைக் கேட்டா மயங்கினான்?"

பக்கத்து மேசைகள் சிரித்தன.

"சரியா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லு."

"சரிக்கா."

அந்தக் குறிப்பு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிற்று. அங்கிருந்த ஊழியர் வரி சொன்னபடி செய்தார். பழைய பதிவுகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்தார். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்து என்ன என்று காத்திருந்தார். நோயாளிகளின் ஒரு முடிவுகூட மீளவில்லை.

மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"எழுதினது யாரு?"

"அவதான் சார்" என்றாள் மூத்தவள். "நான் சும்மா சுருக்கினேன். அதுவும் அவளைக் கேட்டுட்டுத்தான். சரின்னா."

"சரின்னு சொன்னீங்களாம்மா?"

இளையவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மூத்தவள் தன் சேலைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் சார். ஆனா..."

"'ஆனா'ன்னு வாக்கியத்தைத் தொடங்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றாள் மூத்தவள்.

மேலாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு இளையவளின் வேலை போயிற்று.

வீட்டில் மாமியார் வாசலுக்கே வந்தாள். "என்ன, நிரந்தரமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்தை" என்றாள் மூத்தவள், செருப்பைக் கழற்றியபடி. "வீட்டு வேலை. நாளையிலேர்ந்து காலைச் சமையலுக்கு நான் எழுந்திரிக்க வேண்டாம்."

இளையவள் நேரே சமையலறைத் தொட்டியடிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். மூத்தவள் பின்னாலேயே வந்து, எச்சில் டம்ளரைப் பாத்திரக் குவியலில் போட்டாள்.

"உனக்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கேன், கேளு. 'பாத்திரம் கழுவவும் அழவும் சமையலறையைப் பயன்படுத்தவும்.'"

"இது உத்தரவாக்கா?"

"எப்படி வேணா படிச்சுக்கோ."