செல்லபாயின் முட்டையும் கோயம்புத்தூர் வேனும்

ஒரே ஒரு கோழிமுட்டையை விற்று ஒரு வாலிபால் டீமையே கோயம்புத்தூருக்கு அனுப்பியவர் இந்தப் பூலோகத்தில் இசபெல் டீச்சர் ஒருவர்தான். வாத்துமுட்டைகூட இல்லை. அது போன விலைக்கு இரணியலில் ஐந்து சென்ட் மனை வாங்கி, சுற்றுமதிலும் கட்டியிருக்கலாம். இப்படியெல்லாம் நடக்காது என்று அடித்துச் சொன்னவர் ஊரிலேயே ஒருவர்தான்: மளிகைக்கடை வைகுண்டராஜன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் பள்ளி மைதானத்தில் பெற்றோரைக் கூட்டியிருந்தார். மாநிலப் போட்டிக்கு முதன்முதலாகத் தேர்வான பெண்பிள்ளைகள் முட்டுக்கவசத்தோடு வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். வாசலில் வேன்.

“நாலு மணிக்குள்ள வாடகை வரல்லண்ணா நான் கல்யாண ஓட்டத்துக்குப் போவேன்” என்று டிரைவர் சொல்லிவிட்டான். இந்தமுறை போகாவிட்டால் இனி டீமே கிடையாது, மைதானத்தைப் பள்ளி பஸ்கள் நிறுத்த எடுத்துக்கொள்வோம் என்று நிர்வாகமும் சொல்லியிருந்தது.

தலைமையாசிரியர் டைட்டஸ் போட்ட நிபந்தனை அதைவிடக் கொடுமை. “குடும்பங்க மனசோட தந்தா வாங்கணும். வாய் திறந்து கேக்கப்பிடாது. ஒரு தகப்பன் குறை சொன்னாலும் பயணம் ரத்து.”

கேட்காமல் வைத்த உண்டியலில் விழுந்தது ஒரு துபாய் நாணயமும் ஒரு பொத்தானும்.

பெற்றோர் கூட்டத்தின் கடைசியில் நின்ற வைகுண்டராஜன் சிரித்தார். “மனசோட தாறதுண்ணு ஒண்ணு உலகத்தில கெடையாது டீச்சரே. எல்லாம் பிடுங்கல்தான்.” டீம் கேப்டன் இந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வைகுண்டராஜனின் மகள்.

அப்போதுதான், டீமில் ஆடும் ஜாஸ்மியின் அம்மா செல்லபாய் முந்தானையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து நீட்டினாள். “எனக்க கையில பைசா இல்ல டீச்சரே. கோழி காலையில இட்டது.”

டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண் நிறைந்துவிட்டது.

“அழாதிங்க டீச்சர். இங்க தாங்க!” என்று பாய்ந்து வந்தார் இன்னொரு பிள்ளையின் அப்பா ரசலையன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். “செல்லபாய்க்க முட்டை! ஒரு தரம்!”

சர்ச்சில் அறுப்புப் பண்டிகை ஏலம் விடுகிறவர் அவர்தான். அந்த ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காசைக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். முட்டை போனது, வந்தது, மறுபடி போனது. ரசலையன் கூவியதில் இராஜாக்கமங்கலத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

அப்படியும் பாதி வாடகை தேறவில்லை. டிரைவர் சாவியைச் சுழற்றினான்.

“வைகுண்டராஜண்ணே, கடை நிறைய முட்டை விக்கிறீரு, ஒண்ணு வாங்கக் கை வரல்லியா?” என்று பேக்கரி ஜெனோ சீண்டினான்.

“ஆயிரம்லே! ஆட்டத்த முடி!”

வைகுண்டராஜன் நோட்டுகளை எறிந்தார். முட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். அய்யாவழிக் குடும்பத்துக்காரர், சர்ச் ஏலத்தில் நின்றதே இல்லை. காசு கொடுத்தால் சரக்கு தனக்கு, அவருக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான்.

முட்டை போனால் ஏலமும் முடிந்தது, வாடகையோ இன்னும் தேறவில்லை. டீச்சர் அவர் பின்னால் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டார். திருப்பித் தாருங்கள் என்றால் கேட்டதாகிவிடும், பயணம் போச்சு. கேட்காவிட்டாலும் போச்சு.

இந்துஜா ஓடினாள். “எங்களுக்காவ வாங்கினியளாப்பா!” என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தாள்.

சட்டைப்பையில் நொறுக்.

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் வழிந்தது.

“ஏலப்பொருளு போச்சே!” என்று செல்லபாய் தலையில் கைவைத்தாள்.

“நான் பைசா குடுத்து வாங்கினதில்லியா?” என்றார் வைகுண்டராஜன். ஜெனோ அவர் காதில் அந்த ஏலத்தின் வழக்கத்தைச் சொன்னான். அவர் முகம் சுருங்கியது. சட்டையைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். முட்டுக்கவசத்தை மெல்லக் கழற்றத் தொடங்கியிருந்த மகளைப் பார்த்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

“ரசலையன், இதக் கூவும் வே.”

அந்த முட்டைச் சட்டை ஏறிய விலையை நினைத்துப் புதுக்கடை ஜவுளிக்காரர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். கடைசியில் டிரைவரே இருநூறு ஏற்றிக் கேட்டான்.

வாடகை தேறி வேன் கிளம்பும்போது டைட்டஸ் வந்து மறித்தார். பனியனோடு நின்றவரைக் கண்டதும் அவர் குரல் உயர்ந்தது. “சட்டையையும் பிடுங்கிட்டாங்களா? உள்ளதச் சொல்லும் வைகுண்டராஜன். பிள்ளையள இப்பவே இறக்குவேன்.”

டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வைகுண்டராஜன் பனியனில் ஒட்டியிருந்த முட்டையோட்டுத் துண்டைத் தட்டிவிட்டார்.

“ஒருத்தரும் பிடுங்கல்ல சாரே. ஒருத்தரும் கேக்கவுமில்ல. மனசோடதான் எல்லாரும் தந்தாவ, நானும் தந்தேன். ஒத்த முட்டை சாரே... நடந்ததாக்கும்.”