ஒயர் நுனி மூடி

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். ராசிபுரத்து நூல் மில் ஆபீசில் சின்னுசாமிக்கு வந்த வாழ்வு பிரிண்டர். மில்லுக்கே ஒன்றுதான், அது அவன் கம்ப்யூட்டரோடு கேபிளில் கட்டியிருந்தது. பில் அடிக்க யாரானாலும் ஃபிளாப்பியைத் தூக்கிக்கொண்டு அவன் மேசைக்குத்தான் வரவேண்டும். "ஏனுங்க சின்னுசாமி, ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கெஞ்சுவார்கள். அவன் டீயைக் குடித்து முடித்துத்தான் திரும்பிப் பார்ப்பான்.

எண்பத்தொன்பதில் முதலாளி ஆபீஸ் முழுக்க ஒரே கறுப்பு ஒயர் இழுத்து எல்லாக் கம்ப்யூட்டரையும் கோத்துவிட்டார். பிரிண்டர் கூடத்துக்குப் போய்விட்டது. அவரவர் இடத்திலிருந்தே பில் அடித்துக்கொண்டார்கள். சின்னுசாமி மேசைப் பக்கம் ஈ காக்கை கூட வரவில்லை.

அந்த ஒயரின் கடைசி நுனி அவன் மேசைக்கடியில் இருந்தது. அதில் விரல்நுனி அளவு ஒரு மூடி. அதைக் கழற்றினால் மொத்தமும் படுத்துவிடும் என்று ஒயர் போட்டவன் சின்னுசாமியிடம் எச்சரித்திருந்தான். ஆயுதபூஜைக்கு எல்லோரும் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்தபோது, இவனும் துடைக்கிற சாக்கில் குனிந்து, மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஒயர் உருப்படாது என்று ஆகிவிட்டால் பிரிண்டர் பழையபடி தன்னிடமே வந்துவிடும் என்பது அவன் கணக்கு.

மறுநாள் லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, பில் வரவில்லை. முதலாளி, ஆபீஸ் பெருக்கித் துடைக்கும் குப்பாயியைக் கூப்பிட்டார்.

"ஒயரு மேல தண்ணி ஊத்தித் தொடச்சியா?"

"இல்லீங்க சாமி, ஈரத்துணி கூடப் படுலீங்க."

"பின்னே ஒயரு தானா செத்துப்போச்சா? நாளையிலிருந்து வர வேண்டாம்."

குப்பாயி அழவில்லை. முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது என்று சின்னுசாமிக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நெளிந்தான். "இருங்க, நான் பாக்கறேன்" என்று மேசைக்கடியில் புகுந்து மூடியை மாட்டினான். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்து மறுபடி போடச் சொன்னான். கூடத்தில் பிரிண்டர் கறகறவென்று அடிக்கத் தொடங்கியது.

"மூடி கழண்டு கெடந்துதுங்க. குப்பாயி மேல தப்பில்லீங்க" என்றான். யார் கழற்றியது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலாளி அவன் முதுகில் தட்டி, "நீ இல்லீன்னா இந்த ஆபீஸே ஓடாதப்பா" என்றார். எந்தப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தானோ அதே பேச்சு. கேட்கக் கூசியது.

சாயங்காலம் குப்பாயி அவன் மேசைக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "எம் பொழப்பக் காப்பாத்துனீங்க சாமி. பூசைப் பொரி, பேரனுக்குன்னு முடிஞ்சு வச்சிருந்தேன். நீங்க சாப்புடுங்க."

மூடியைக் கழற்றிய கையாலேயே வாங்கினான். ஒரு வாய் போட்டுவிட்டு மீதியை மேசை இழுப்பறையில் வைக்கப் போனான். அவன் தின்று முடிக்கும் வரை குப்பாயி எதிரிலேயே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.